பள்ளத்தூர் வளவில் ஐந்து மாலைகள்: சிரில் கியூசாக் திரையிடல் வரிசை

ஒரு படத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் பெரும்பாலும் தோன்றாத ஒரு நடிகருக்காக ஐந்து சனிக்கிழமை மாலைகளை ஒதுக்கச் சொல்லி, அதற்குக் கட்டணமும் கேட்டால், செட்டிநாட்டில் எத்தனை பேர் வருவார்கள் என்ற ஐயத்தோடுதான் தை மாதக் கடைசியில் காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்குப் பேருந்து ஏறினேன். மாசியில் ஐந்தாவது மாலை முடிந்தபோது நாற்பது நாற்காலிகளும் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் தூண்களின் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஐந்து மாலைகளையும் ஒன்றுவிடாமல் பார்த்தவன் என்ற முறையில், இந்தச் சேவையின் நிறைகுறைகளை அடுத்த வரிசைக்குப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இதை நடத்துபவர்கள் ஒரு குடும்பத்தார். தாத்தா காலத்து வீட்டைப் பூட்டி வைக்க மனமில்லாமல், வீட்டுப் பெரிய ஆச்சியும் வெளியூர் வேலையை விட்டுத் திரும்பிவந்த அவருடைய தங்கை மகனும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு வரிசைகள் நடத்துகிறார்கள். வாசலில் பெயர்ப் பலகை இல்லை. வீட்டின் பெயரை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வரிசைக்கு ஒரு நடிகர் என்பது திட்டம். ஐந்து மாலைகளுக்கும் சேர்த்து 1,800 ரூபாய், ஒரு மாலைக்கு மட்டும் என்றால் 450 ரூபாய். அதற்குள் பதினாறு பக்கக் கையேடு, அரை மணி நேர அறிமுகம், தமிழ் வசன வரிகளோடு படம், இடையில் பலகாரம், முடிவில் கலந்துரையாடல் எல்லாம் அடங்கும். ஆறரை மணிக்கு அறிமுகம் தொடங்குகிறது. வளவு மேலே திறந்த முற்றம் என்பதால் நன்றாக இருட்டிய பிறகே திரையில் ஒளி பாய்ச்ச முடியும். ஆகவே படம் தொடங்க ஏழு, ஏழேகால் ஆகிவிடும். ஏப்ரலுக்குப் பிறகு பொழுது நீள்வதாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை இருப்பதாலும் இந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு.

இந்த முறை அவர்கள் எடுத்துக்கொண்டவர் அயர்லாந்து நாட்டு நடிகர் சிரில் கியூசாக். ஐரிஷ் நடிகர்கள் என்றால் நம்மில் சிலருக்கு பீட்டர் ஓட்டூல் நினைவுக்கு வருவார். இன்னும் சிலருக்கு ரிச்சர்ட் ஹாரிஸ். கியூசாக்கின் முகத்தைப் பார்த்தவர்கள்கூடப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் குணச்சித்திர நடிகர் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு அயர்லாந்தில் ஒரு முழு வாழ்க்கை கிடைக்குமென்றால் அது இவருடையதாகத்தான் இருக்கும். கதாநாயகனுக்கு மாலை போடும் பழக்கமுள்ள ஊரில், ஓரத்தில் நின்ற ஒருவரைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்கச் சொன்ன துணிவுதான் இந்த வரிசையின் முதல் சிறப்பு என்று கருதுகிறேன்.

அறிமுக உரைகள் நன்றாகத் தயாரிக்கப்பட்டிருந்தன. முதல் மாலையில் சொன்ன பிறப்பு வளர்ப்புக் கதை வந்திருந்தவர்களை உடனே பற்றிக்கொண்டது. கியூசாக் பிறந்தது அயர்லாந்தில் இல்லை. 1910 நவம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில். தந்தை அங்கே நேட்டால் குதிரைப்படைக் காவலர். தாய் லண்டனிலிருந்து போன நாடக நடிகை. இருவரும் பிரிந்தபின், தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு கப்பலேறி இங்கிலாந்துக்கும் பிறகு அயர்லாந்துக்கும் வந்துவிட்டார். அங்கே பிரெஃப்னி ஓரோர்க் என்ற நடிகரோடு சேர்ந்து ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு ஒன்றில் வாழ்க்கையை நடத்தினார். சிறுவன் அந்தக் குழுவோடு வளர்ந்தான். சந்தைக் கூடத்திலும் ஊர்ப் பொதுக் கூடத்திலும் கட்டையும் திரையும் கட்டி, நான்கு நாள் நாடகம் போட்டு, பிரித்து வண்டியேற்றி அடுத்த ஊருக்குப் போகும் குழுக்கள் அவை. ஊர் மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் மாறியது.

இந்த இடத்தில் ஆச்சி குறுக்கிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை (அப்பச்சி என்றால் எங்கள் பக்கத்தில் தந்தை; கொண்டுவிக்க என்றால் வெளிநாடு போய்த் தொழில் செய்ய). "அப்பச்சி ஒரு சீமையில, பிள்ளை ஒரு சீமையில. இந்த வீட்டுலயும் அப்படி வளந்தவுங்க உண்டு தம்பி. எங்க அப்பச்சி ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போயி, நான் நடக்கப் பழகின பிறகுதான் என் முகத்தைப் பாத்தாக." அவர் அதைத் துயரமாகச் சொல்லவில்லை, வீட்டுச் செய்தியாகச் சொன்னார். அதன்பின் டர்பனும் டப்ளினும் அந்த வளவில் அன்னிய ஊர்களாகத் தோன்றவில்லை.

அதே மாலையில் ஒரு பழைய ஊமைப் படத்தின் சில நிமிடங்களைக் காட்டினார்கள். 1918-இல் வெளிவந்த 'நாக்நகவ்' என்ற அந்தப் படம், நிலச்சுவான்தார்கள் குடியானவர்களை வீட்டிலிருந்து வெளியேற்றிய காலத்தைச் சொல்வது. வெளியேற்றப்படும் ஒரு குடும்பத்தின் குழந்தையாக நிற்பது கியூசாக். முகத்தைத் தெளிவாக அடையாளம் காண முடியாத அளவுக்குப் படச்சுருள் தேய்ந்திருந்தாலும், வீட்டு வாசலில் குழந்தை நிற்கும் நிலை மனத்தில் தங்குகிறது. அறிமுகம் செய்தவர் இங்கே ஒரு ஒப்புமை சொன்னார். நான் அதை வீட்டுக்குப் போய் மீண்டும் சரிபார்த்துக்கொண்டேன். அதே 1918-இல்தான் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகரான டி.கே.சண்முகம் ஆறு வயதுச் சிறுவனாக தம் அண்ணன்மாரோடு அதில் சேர்ந்தார். கடலுக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு பிள்ளைகள், பாடத்தை மேடையில் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பாய்ஸ் கம்பெனிகள் என்ற இத்தகைய சிறுவர் குழுக்களில் வளர்ந்தவர்களின் நடிப்பைத் தமிழ்த் திரையில் பார்த்து வளர்ந்த நமக்கு, கியூசாக்கின் உச்சரிப்பும் நேரம் தவறாத அசைவும் எங்கிருந்து வந்தன என்பதை விளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நியூபிரிட்ஜ் என்ற ஊரில் உறைவிடப் பள்ளி, டப்ளினில் பல்கலைக்கழகப் படிப்பு, பட்டம் வாங்காமலே வெளியேறுதல் ஆகியவற்றை உரை விரைவாகக் கடந்தது. 1932-இல் அவர் ஆபி நாடக அரங்கில் சேர்ந்ததை மட்டும் நிறுத்திச் சொன்னது. 1904-இல் கவிஞர் யேட்ஸும் லேடி கிரெகரியும் முன்னின்று தொடங்கிய அந்த அரங்கு, ஒரு நாடு தன் குரலைத் தேடிய இடம். கியூசாக் அங்கே 1945 வரை இருந்து அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களில் நடித்தார். ஐரிஷ் நாடகாசிரியர்களான ஷான் ஓகேஸியின் டப்ளின் ஏழைகளும், ஜே.எம்.சிங்கின் 'மேற்குலகின் விளையாட்டு வீரன்' நாடகத்து நாயகன் கிறிஸ்டி மேஹனும் அவருக்குப் பேர் வாங்கித் தந்தன. 1947-இல் தமக்கென்று ஒரு குழுவைத் தொடங்கினார். 1955-இல் ஓகேஸியின் புதிய நாடகம் ஒன்றைத் தாமே தயாரித்து டப்ளின் கெய்ட்டி அரங்கில் மேடையேற்றினார். ஆங்கிலத்தில் பேர் வாங்கிய இவர் ஐரிஷ் மொழியில் நாடகம் எழுதவும் செய்தவர் என்ற செய்தி என்னை மிகவும் ஈர்த்தது. பெரும்பாலோர் பேச்சில் கைவிட்டுவிட்ட மொழி அது. அதில் எழுதினால் கூட்டமும் வராது, பணமும் வராது. அதைத் தெரிந்தே எழுதிய ஒருவரின் பேச்சுத் தெளிவைத் திரையில் கேட்கும்போது, மொழியின் மேல் அவருக்கிருந்த மதிப்பு புரிகிறது.

முதல் மாலையின் படம் 1947-இல் கேரல் ரீட் இயக்கிய 'ஆட் மேன் அவுட்'. கொள்ளைக்குப் பிறகு காயம்பட்ட தலைவன் ஓடும் காரிலிருந்து விழுந்துவிடுகிறான். திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று காருக்குள் மூவர் சச்சரவு செய்கிறார்கள். காரை ஓட்டும் பேட் என்பவராக கியூசாக். அந்தச் சச்சரவில் அவர் குரலில் ஏறும் அச்சம்தான் அதன்பின் படம் முழுவதற்கும் காரணமாகிறது. ஆபி அரங்கின் நடிகர்கள் பலர் சின்னச் சின்ன வேடங்களில் வரும் படம் அது. மேடையிலிருந்து மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு வந்தது போன்ற ஒரு குழு. அதே 1947-இல் நம் காரைக்குடியில் ஏவி. மெய்யப்பன் அமைத்திருந்த ஸ்டூடியோவில் எடுத்த 'நாம் இருவர்' வெளியானதையும், அதுவும் மேடை நாடகத்திலிருந்து வந்த கதை என்பதையும் அறிமுகத்தில் நினைவுபடுத்தினார்கள். வந்திருந்த முதியவர்கள் சிலர் அந்த ஸ்டூடியோவின் கீற்றுக் கொட்டகைகளைத் தம் பெற்றோர் பார்த்ததாகச் சொல்லத் தொடங்கி, உரை சற்று நீண்டுவிட்டது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

குறை என்று சொல்ல வேண்டியது ஒலி. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் வழவழப்புத் தெரியும். சுண்ணாம்பை நன்றாக அரைத்து, கடுக்காய் நீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்த சுவர் கண்ணாடி போல மின்னும். குரலையும் கண்ணாடி போலத் திருப்பி எறியும். கீழே ஆத்தங்குடி ஓடு, சுற்றிலும் வழவழத்த கல் தூண்கள். இவற்றுக்கு நடுவே இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தால் வசனம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து மங்கிவிடுகிறது. முதல் மாலையில் பெல்ஃபாஸ்ட் பேச்சு வழக்கின் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. வசன வரிகளை நம்பித்தான் இருந்தேன். நடிகரின் குரலுக்காகவே நடத்தும் வரிசையில் இது சிறு குறையன்று. ஆனால் கலந்துரையாடலில் எடுத்துச் சொன்னதும், அடுத்த வாரமே தாழ்வாரத் தூண்களுக்கிடையே ஜமுக்காளங்களையும் கோரைப்பாய்களையும் தொங்கவிட்டு, பெரிய ஒலிபெருக்கிகளை எடுத்துவிட்டு நாற்காலி வரிசைகளுக்கு அருகில் நான்கு சிறியவற்றை வைத்தார்கள். இரண்டாம் மாலையிலிருந்து ஒலி தெளிவாகவே இருந்தது. கேட்டுத் திருத்திக்கொள்ளும் மனம் உள்ளவர்கள் நடத்துகிறார்கள் என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் மாலை 1965-இல் வந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்'. உளவுத்துறைத் தலைவராக கியூசாக் சில நிமிடங்கள் ரிச்சர்ட் பர்ட்டனோடு பேசுகிறார். நல்ல படம்தான், ஆனால் இந்த வரிசையின் நோக்கத்துக்கு இதிலிருந்து கிடைப்பது குறைவு. இதற்குப் பதிலாக, 1949-இல் பவல், பிரஸ்பர்கர் இருவரும் எடுத்த 'தி ஸ்மால் பேக் ரூம்' படத்தைக் காட்டியிருக்கலாம். திக்குவாயால் தடுமாறும், ஆனால் வெடிகுண்டுத் திரிகளை நுட்பமாகக் கையாளத் தெரிந்த ஒரு படைவீரராக அதில் கியூசாக் வருகிறார். ஆபி அரங்கின் அவ்வளவு தெளிந்த நாவுடையவர், பேச முடியாத ஒருவரைக் கேலி துளியும் கலக்காமல் நடித்திருப்பதை இந்தக் கூட்டம் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாலைதான் இந்த வரிசையின் உச்சம். அன்று பேருந்து கோட்டையூரில் நின்றபோதே எனக்குள் ஒரு கனம் ஏறியிருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்திருந்த நூல்களும் இதழ்களும் நாடக அறிவிப்புத் தாள்களும் ஏறக்குறைய ஒரு லட்சம்; 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியதால் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக இன்று அவை பிழைத்திருக்கின்றன. அந்த ஊரைக் கடந்து நான் பார்க்கப் போனது, புத்தகங்களைக் கொளுத்துவதையே வேலையாகக் கொண்ட ஒரு படையைப் பற்றிய படம். 1966-இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோ எடுத்த 'ஃபாரன்ஹீட் 451', அவருடைய முதல் வண்ணப்படம், அவர் ஆங்கிலத்தில் எடுத்த ஒரே படம். எழுத்துக்குத் தடையுள்ள உலகம் என்பதால் தொடக்கத்தில் பெயர்கள்கூட எழுத்தில் வருவதில்லை. வீட்டுக் கூரைகளின் ஆன்டெனாக்களைக் காட்டியபடி ஒரு குரல் அவற்றை வாசிக்கிறது. கையேட்டில் இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அந்த நாகரிகத்துக்கு நன்றி. பலர் வியந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கியூசாக் அந்தப் படையின் தலைவர். தீயவன் என்று எழுதப்பட்ட வேடத்தை அவர் ஒரு கரிசனமுள்ள மேலதிகாரியாக நடிக்கிறார். தமக்குக் கீழே உள்ள மோன்டாக்கை, எதிரில் நிற்கும்போதே, படர்க்கையில் விசாரிக்கிறார்: மோன்டாக் விடுமுறை நாளில் என்ன செய்வார் என்பது போல. ஆங்கிலத்தில் இது விசித்திரமாகக் காதில் விழுந்திருக்கும். நமக்கோ, மாமியார் எதிரில் உட்கார்ந்திருக்கும் மருமகனிடம் "மாப்பிள்ளை சாப்பிட்டாரா" என்று கேட்பது வீட்டுப் பழக்கம். வசன வரிகளை எழுதியவர் அந்தப் படர்க்கையை அப்படியே தமிழில் கொண்டுவந்ததால், அந்த மேலதிகாரியின் அன்பும் அந்த அன்புக்குள் இருக்கும் கட்டளையும் ஒரே நேரத்தில் நமக்கு எட்டின. நான் இதுவரை பார்த்த தமிழ் வசன வரிகளில் இவ்வளவு காது கொடுத்து எழுதப்பட்டவை அரிது.

மறைத்து வைத்த நூலகம் ஒன்றைக் கண்டுபிடித்ததும், அந்த மேல்மாடி அறையில் மோன்டாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைவர் நூல் வகைகளை ஒவ்வொன்றாக இகழ்ந்து பேசும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. இகழ்ந்து பேசும்போதே அவர் விரல்கள் அட்டைகளின்மேல் ஊர்வதைக் கவனிக்க வேண்டும். இவற்றையெல்லாம் இவர் படித்திருக்கிறார், ஒரு காலத்தில் விரும்பியும் இருக்கிறார் என்பது வசனத்தில் எங்கும் இல்லை, கையில் இருக்கிறது. அந்த வீட்டுக்காரக் கிழவி தன் நூல்களோடு சேர்ந்து எரிந்துபோகத் துணியும்போது வளவில் ஒருவரும் அசையவில்லை. 1939-இல் கம்பன் கழகம் தோன்றிய ஊரைச் சேர்ந்தவர்கள் நாங்கள். கம்பராமாயணப் பாடல்களை ஏடு பார்க்காமல் சொல்லக்கூடியவர்கள் அன்றும் கூட்டத்தில் இருந்தார்கள். படத்தின் முடிவில், ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்துகொண்டு பனிக்குள் நடந்தபடி ஓதும் மனிதர்களைப் பார்த்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றைய கலந்துரையாடல் பத்தரை மணி வரை நீண்டது. நேரத்தைக் காட்டி நிறுத்தாமல் விட்டதற்கு நடத்துபவர்களைப் பாராட்ட வேண்டும்.

நான்காம் மாலை, 1973-இல் ஃபிரெட் சின்னமான் இயக்கிய 'தி டே ஆஃப் த ஜக்கால்'. கொலைகாரனுக்குத் துப்பாக்கி செய்து கொடுக்கும் முதியவராக கியூசாக் இரண்டே காட்சிகளில் வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் காட்சியை அன்று இரண்டு முறை போட்டுக் காட்டினார்கள். சுடப்படுபவர் அசைந்துகொண்டிருப்பாரா, எவ்வளவு தொலைவு, இரண்டாவது முறை சுட வாய்ப்புண்டா என்று அவர் கேட்கும் முறை, கல்யாணத்துக்குக் கழுத்திரு என்னும் செட்டிநாட்டுத் தாலி செய்யச் சொல்லிப் போனால் காரைக்குடி நகைப் பத்தர் விவரம் கேட்கும் முறையேதான். அவசரமில்லை, வியப்பில்லை, செய்யப்போகும் பொருளின்மேல் மட்டும் கவனம். அந்தப் பொருளால் ஓர் உயிர் போகப்போகிறது என்பது அவர் அறியாததன்று. அறிந்தும் அவருடைய தொழில் நேர்த்தி குறையவில்லை என்பதுதான் நம் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. அதே கொலைகாரனிடம் பொய்ப் பத்திரங்கள் செய்து கொடுத்தவன் மிரட்டிப் பணம் கேட்டுச் சாகிறான். இந்த முதியவர் சொன்ன நாளில் சொன்னபடி பொருளைக் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்கிறார். முதல் முறை பார்த்தபோது நான் கொலைகாரனைத்தான் பார்த்தேன். இரண்டாம் முறை, பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்கும் கியூசாக்கை மட்டும் பாருங்கள் என்று சொன்னார்கள். எதிரில் பேசுபவரை முழுமையாகக் கேட்பதும் நடிப்புதான் என்பதை விளக்க இவ்வளவு எளிய பயிற்சி போதும் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

ஐந்தாம் மாலைக்குக் குழந்தைகளை அழைத்துவர வேண்டாம் என்று முன்வாரமே சொல்லிவிட்டார்கள், சரியான எச்சரிக்கை. 1984-இல் மைக்கேல் ராட்ஃபோர்ட் எடுத்த 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' ரிச்சர்ட் பர்ட்டனின் கடைசித் திரைப்படமும் ஆகும். கியூசாக் இதில் பழம்பொருள் கடைக்காரர் சாரிங்டன். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய எனாமல் பாத்திரங்களையும் கதவு நிலைகளையும் விலை பேசிப் பழகிய எங்களுக்கு அந்தக் கடையும், பொருளைத் துடைத்துக் கையில் கொடுத்து அதன் கதையைச் சொல்லும் அந்த முதியவரும் மிக நெருக்கம். பாதி மறந்துபோன ஒரு குழந்தைப் பாட்டை அவர் நினைவுகூரும்போது மனம் அவரிடம் ஒட்டிக்கொள்கிறது. அவர் காவல் அமைப்பின் ஆள் என்று தெரியவரும்போது ஏற்படும் அதிர்ச்சிக்கு அந்த ஒட்டுதல்தான் காரணம். கடையில் பேசும்போதெல்லாம் "நீங்கள்" என்றே வந்த வசன வரிகள் அந்த இடத்தில் "நீ" என்று மாறின. ஆங்கிலத்தில் இல்லாத அந்த மாற்றத்தைச் சேர்க்கலாமா என்று கலந்துரையாடலில் ஒருவர் கேட்டார். நடிகரின் முகத்திலும் குரலிலும் அந்த மாற்றம் இருக்கிறது, நாங்கள் அதற்கு எழுத்துக் கொடுத்தோம் என்று மறுமொழி வந்தது. நான் அதை ஏற்கிறேன்.

படத்துக்கு முன், திரையில் காட்ட முடியாத மேடை வாழ்க்கைக்காக அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பெக்கெட்டின் நாடகத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்த தன் குரலை நாடாப் பதிவுக் கருவியில் கேட்கும் தனிமைக் கிழவன் க்ராப்பாக அவர் நடித்ததைப் பற்றிச் சொன்னார்கள். 1990-இல் டப்ளின் கேட் அரங்கில் செகாவின் 'மூன்று சகோதரிகள்' மேடையேறியபோது அவருடைய மகள்கள் ஷினேட், சோர்க்கா, நீவ் மூவரும் அந்தச் சகோதரிகளாகவும், எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த தந்தை அந்த வீட்டிலேயே குடியிருக்கும் கிழட்டு ராணுவ மருத்துவராகவும் நடித்ததைப் பற்றிச் சொன்னார்கள். மகள்களின் தாயான மோரீன் கீலியும் நடிகையே. ஊர் ஊராகப் போன குழுவில் வளர்ந்த பிள்ளை, கடைசியில் தன் குடும்பத்தையே ஒரு மேடையில் பார்த்துவிட்டு, மூன்று ஆண்டுகள் கழித்து 1993 அக்டோபரில் லண்டனில் மறைந்தார்.

அன்று, எழுபது வயது கடந்த ஸ்பெஷல் நாடக நடிகர் ஒருவரைப் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் ஒரு ஊர். திருவிழா மேடையில் இரவு பத்து மணிக்குத்தான் ஒருவரையொருவர் பார்த்து, ஒத்திகையில்லாமல் விடியும்வரை வள்ளி திருமணம் நடத்துவார்கள். எதிரில் இருப்பவர் எந்தப் பாட்டை எடுப்பார் என்று தெரியாததால் கண் அவர் வாயிலேயே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். போன வாரம் துப்பாக்கி செய்பவர் காட்சியை இரண்டாம் முறை பார்த்தபோது எங்களுக்குக் காட்டப்பட்டது இதுதான். "அந்த ஐயாவுக்கும் எங்க தொழில்தாங்க. கண்ணைப் பாத்தாலே தெரியுது," என்றார் அவர். ஐந்து மாலைகளில் நான் கேட்ட விமர்சனங்களில் அதையே முதலில் வைப்பேன்.

பலகாரங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் ஒரு மாலை, கவுனி அரிசி ஒரு மாலை, கருப்பட்டிப் பணியாரம் ஒரு மாலை. ஆச்சி வீட்டுக் கைப்பக்குவம். சுக்குமல்லிக் காப்பி மட்டும் எல்லா நாளும் உண்டு.

திருத்த வேண்டியவை சில உள்ளன. கையேட்டில் மகள் நீவின் பெயர் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து "நியாம்" என்றும், சோர்க்காவின் பெயர் "சோர்ச்சா" என்றும் அச்சாகியிருக்கிறது. உரையில் சரியாகச் சொன்னவர்கள் அச்சில் விட்டுவிட்டார்கள். மொழியின்மேல் இவ்வளவு அன்பு கொண்ட ஒரு நடிகரைப் பற்றிய நூலில் அவர் பிள்ளைகளின் பெயர்கள் அவர் கூப்பிட்டபடியே இருக்க வேண்டும். அயர்லாந்துத் தொலைக்காட்சி 1980-இல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஸ்ட்ரம்பெட் சிட்டி' தொடரில், குடியால் சிதைந்தும் ஏழைகளின் பக்கம் நிற்கும் பாதிரியாராக அவர் நடித்ததைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. பெரிய வேடங்களிலும் அவர் எப்படி இருந்தார் என்பதைக் காட்ட அதில் ஒரு பகுதியையாவது சேர்த்திருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியும் சிரமம். இரவு பத்து மணிக்கு மேல் காரைக்குடிப் பேருந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வேன் ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்த ஒரு வாடகை நிறுவனம் மூன்றாம் மாலையில் வராமலே போக, வயதான இருவரை வீட்டுக்காரர்கள் தங்கள் காரிலேயே கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. கட்டணம் பெரியவர்களுக்கு நியாயமானது. அழகப்பா பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாதியாகக் குறைத்தால், பின்வரிசையில் நான் பார்த்த நான்கைந்து இளைஞர்கள் அடுத்த முறை நாற்பது பேராக வருவார்கள்.

அடுத்த வரிசைக்கு யாரை எடுப்பது என்று கடைசி மாலையில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத் தாள் கொடுத்துக் கேட்டார்கள். நான் டி.எஸ்.பாலையாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.